நாற்பத்தாறு டிகிரி

குளிர்ப்பெட்டியின் ப்ளக் சுவரில் பொருந்தவில்லை. அவள் தரையில் மண்டியிட்டு, காய்கறி நறுக்கும் கத்தியின் நுனியால் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கொண்டுவந்த இருவரும் வாசலைப் பார்த்தபடி நின்றார்கள். இந்த வெயிலில் ஒரு நாளைக்கு ஆறு வீடாம். அடுத்த வீட்டில் காத்திருக்கிறார்களாம்.

"இஞ்சினியர் வீடு. ஒரு ஸ்க்ரூடிரைவருக்கு வழியில்ல," என்றார் சித்தப்பா. நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அண்ணன் செத்த வருத்தம் அவருக்கு எரிச்சலாகத்தான் வெளியே வரும். கல்யாண வீட்டிலும் அவர் அப்படித்தான்.

"அப்பாவோட டூல் பை எங்கம்மா?" என்று கேட்டாள்.

"லைன்ல இருக்கும்," என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"ரிட்டயராகி ரெண்டு மாசமாச்சு. அண்ணன் பைக்கு ரயில் லைன்ல என்ன வேலை?" என்றார் சித்தப்பா.

கத்தி வழுக்கி அவள் கட்டைவிரலைக் கீறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் வயரை மாட்டினாள். பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் அப்பாவின் முகம் கறுத்துத் தோலுரிந்து கிடந்தது. மூக்கின் மேல் உரிந்த இடம் மட்டும் வெளிர் நிறம். நெற்றியில் தொப்பி மறைத்த பகுதியும் அப்படித்தான், கோடு போட்டதுபோல.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் உயிர் போனது. சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன என்றார் டாக்டர். "இந்த வயசுல பட்டப்பகல் வெயில்ல அவருக்கு என்ன வேலை?" என்று அவளைக் கேட்டார். அவள் தெரியாது என்றாள். அப்போது அது பாதிதான் பொய்.

மீதிப் பாதியை அப்பா முந்தின நாள் சாயங்காலமே சொல்லியிருந்தார். ஆக்ஸிஜன் முகமூடியைத் தானே இழுத்துவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு:

"பதினேழுலேருந்து பத்தொம்பது வரைக்கும். எல்லாம் காலைல போட்டது. நாளைக்கு வெயில் ஏறுறதுக்குள்ள சொல்லிடு."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஜுரத்தில் உளறுகிறார் என்று நினைத்திருப்பார். நர்ஸும் அப்படித்தான் நினைத்தாள். மகளுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. "பேசாதப்பா, தூங்கு," என்று முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டாள். கட்டிலின் மறுபக்கம் அம்மா நின்றிருந்தாள். அம்மா என்னவென்று கேட்கவில்லை.

இப்போது மணி பத்தரை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு நீளத் தண்டவாளத்தை எந்தச் சூட்டில் இறுக்கிப் பூட்டுகிறோமோ, அதைத்தான் அது தன் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அது நீள இடம் தேடும். இடம் கிடைக்காது. அழுத்தத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு கிடக்கும். அழுத்தம் எல்லை மீறினால், நிமிஷத்தில் ஜல்லியைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் நெளிந்துவிடும். அப்போது மேலே ரயில் இருந்தால் அவ்வளவுதான். பழைய வெயிலுக்குப் பழைய கணக்கு போதுமாக இருந்தது. நாற்பது டிகிரியில் பூட்டினால் கோடை தாண்டிவிடும். மூன்று வருஷமாகக் கோடை அந்தக் கணக்கை மதிக்கவில்லை. அதனால் இனி நாற்பத்தாறில் பூட்டவேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. அதை எழுதியது அவள். எழுதியபோது அறையில் ஏசி இருபத்து மூன்றில் ஓடியது.

சுற்றறிக்கையில் பிழையில்லை. ஆனால் தண்டவாளம் தானாக நாற்பத்தாறுக்கு வருவது உச்சிவெயிலில் மட்டும்தான். மற்ற நேரத்தில் செய்யவேண்டுமானால் அதை மிஷின் வைத்து இழுத்து நீட்டிப் பூட்டவேண்டும். மூன்று பிரிவுக்கும் இருந்தது ஒரே இழுவை மிஷின். அதற்கும் பம்ப் போய்விட்டது.

"மிஷின் இல்லாம இது ஆகாது பாப்பா," என்று அப்பா ஃபோனில் சொன்னார். தண்டவாளம் பராமரிக்கும் கேங்குக்கு மேஸ்திரியாக அவருக்கு அது கடைசி வேலை.

"வரும்ப்பா. ஆர்டர் போட்டாச்சு. அதுவரைக்கும் மத்தியானத்துல முடிச்சுக்குங்க."

"மத்தியானத்துலயா?"

"ரெண்டு மணி நேரம்தானேப்பா."

அவர் சரி என்றார். முதல் நாள் பன்னிரண்டே முக்காலுக்கு ஒல்லி என்று கூப்பிடப்படுகிற ஆள் சம்மட்டியோடு ஜல்லியில் விழுந்து வலிப்பில் துடித்தான். அதை அவள் விபத்து அறிக்கையில் படித்தாள். மறுநாளிலிருந்து பதிவேட்டில் வேலை ஒழுங்காக நடந்திருந்தது. நேரம் பன்னிரண்டு நாற்பது, சூடு நாற்பத்தாறு. நேரம் பன்னிரண்டு ஐம்பது, சூடு நாற்பத்தாறு. எட்டு நாளுக்கும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதிய கை. அப்பாவின் நாலு எப்போதும் இடப்பக்கம் சாயும். எட்டு நாற்பத்தாறிலும் அந்த நாலு ஒரே அளவுக்குச் சாய்ந்திருந்தது.

அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கோடைக்கு முன்பே தயாரான முதல் பிரிவு என்று அந்தக் கோட்டத்துக்குப் பாராட்டு வந்தது. அலுவலக இதழில் அவள் படம் போட்டார்கள். அதை அப்பா கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். குளிர்ப்பெட்டிக்கு நேர் மேலே அது இப்போதும் தொங்கியது. துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு படத்தைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். "பொண்ணைப் பார்த்துட்டுத்தான் போனாரு மனுஷன், அந்தவரைக்கும் நிம்மதி," என்றாள் ஒரு கிழவி.

பதினொன்றரைக்கு அவளுடைய மேலதிகாரி மலர்வளையத்தோடு வந்தார். காலணியைக் கழற்றலாமா வேண்டாமா என்று தடுமாறி, ஒன்றைக் கழற்றிவிட்டுப் பிறகு மற்றதையும் கழற்றினார். பெட்டி முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். நல்ல மனிதர்தான்.

"இந்த வெயிலுக்கு மூணு கோட்டத்துல வேகத்தைக் குறைச்சாச்சு. நாம மட்டும்தான் எக்ஸ்பிரஸை நூத்திப்பத்துல விடறோம். உங்கப்பா போட்ட ரெண்டு கிலோமீட்டர் இல்லன்னா முடியுமா? அடுத்த வாரம் கமிட்டி வருதும்மா. அவரோட லைனைத்தான் காட்டப்போறேன்."

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை போதும். வாயில் அது வந்து நின்றது.

"தேங்க்ஸ் சார்," என்றாள்.

அவர் போனதும் சித்தப்பா எழுந்து வாசல்வரை நடந்து, தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆபீசரே வந்துட்டுப் போறாரு. அண்ணன்கூட முப்பது வருஷம் ஒண்ணா சாப்ட கேங்கு எங்க? எட்டு பேரு. ஒருத்தன் தலை தெரியுதா? மேஸ்திரி இருந்தவரைக்கும் மேஸ்திரி மேஸ்திரின்னு வால் பிடிச்சானுங்க. இப்ப அந்த நெட்டையன் மேஸ்திரியாயிட்டான்ல? நன்றி கெட்ட பயலுங்க."

"ஒருத்தன் வந்திருக்கான்," என்றாள் அம்மா.

வேப்பமர நிழலில், கடைசி நாற்காலியில் ஒல்லி உட்கார்ந்திருந்தான். இடது கை மடியில் பாதி விரிந்தபடி கிடந்தது. விழுந்த நாளிலிருந்து அந்தக் கை முழுதாக மூடுவதில்லை.

"நொண்டிக் கையன் வந்துட்டான், நல்லா இருக்கவனுக்கு வர நேரமில்ல," என்றார் சித்தப்பா.

பன்னிரண்டே கால். பாசஞ்சர் பன்னிரண்டு பத்துக்கு வரவேண்டும், ஐந்து நிமிஷம் தாமதம். லைன் வீட்டுக்குப் பின்னால் இருநூறடி தூரத்தில். பத்தொன்பதாவது கிலோமீட்டர் கல் பின்சுவரிலிருந்து பார்த்தால் தெரியும். அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். துவைகல்லின் மேல் ஏறி நின்றாள்; தண்டவாளம் கானலில் நீரோடைபோல அசைந்தது. கன்ட்ரோல் அறை எண் அவளுக்கு மனப்பாடம். ஒன்பது எண்களை அழுத்தினாள். பிறகு பதிவேட்டை நினைத்தாள், படத்தை நினைத்தாள், நாலு மணிக்கு எடுக்கும்வரை பொறுத்தால் என்ன என்று நினைத்தாள். ஒரு நாள்தானே. அப்பாவை நல்ல பேரோடு அனுப்பிவிடலாம். அவரை நினைத்துத்தான் தயங்குகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது உண்மையில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஹாரன் கேட்டது.

பத்தாவது எண்ணை அவள் அழுத்தவில்லை. துவைகல்லில் நின்றபடி பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிகளை எண்ணினாள். ஒன்பது. ஜன்னல்களில் கைகள் தொங்கின. ஒரு குழந்தை எதையோ தின்றுகொண்டிருந்தது. கடைசிப் பெட்டியும் கல்லைத் தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததில் அவளுக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதைத்தான் பிற்பாடு அவளால் தாங்க முடியவில்லை. அந்த ரயில் தப்பியதற்காக மட்டும் வந்த நிம்மதியில்லை அது. இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்ததற்காகவும் வந்தது.

திரும்பினாள். சமையலறைக் கதவில் அம்மா நின்றிருந்தாள்.

"பாசஞ்சர் போயிடுச்சு," என்றாள் அம்மா. அவ்வளவுதான். காலி டம்ளர்கள் அடுக்கிய தட்டைத் தொட்டியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் ஒரு டம்ளரைக் கழுவி டீ ஊற்றி ஒல்லிக்கு எடுத்துப்போனாள். யாருக்காவது ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

"இஞ்சினியரம்மா, நீங்க எதுக்கு…" அவன் எழுந்தான். வலது கையால் வாங்கிக்கொண்டான்.

"உக்காருங்க. மத்தவங்கெல்லாம் எப்ப வருவாங்க?"

ஒல்லி டீயைப் பார்த்தான்.

"எக்ஸ்பிரஸ் போனதும் வந்துடுவாங்க. ரெண்டு அஞ்சுக்கு அது. அதுக்கப்புறம் நாலு வரைக்கும் வண்டியில்ல."

"எங்க இருக்காங்க?"

"லைன்லதான். பதினேழுல மூணு பேரு, வளைவுல நெட்டையன், பத்தொம்பதுல மூணு பேரு. கோணியை நனைச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. செகப்புக் கொடி கையில. சும்மா பார்த்துக்கிட்டுத்தான். லேசா அசைஞ்சாகூடக் கண்ணுக்குத் தெரிஞ்சிடும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "என்னைய மட்டும் வெயில்ல நிக்கக்கூடாதுன்னு மேஸ்திரி ஆர்டரு. போட்ட ஆர்டரை இனிமே மாத்தவும் மாட்டாரு. அதான் நான் இங்க."

"எத்தனை நாளா?"

"வெயில் அறுபதைத் தாண்டின நாள்லேருந்து. தண்டவாளத்துல அறுபது. மேஸ்திரி ரிட்டயராகிப் பத்து நாள் இருக்கும். வேலை நேரத்துல போனா காரணம் எழுதணும்ல, அதனால சாப்பாட்டு நேரத்துல மாத்தி மாத்தி. மேஸ்திரிக்கு மாத்தே கிடையாது. தினம் பதினொண்ணுலேருந்து மூணரை. 'நான்தாண்டா எழுதினேன், நான் நிக்கிறேன்'ம்பாரு. நாங்க வெரட்டுவோம். கொடையை வெச்சுக்கிட்டு நிக்கச் சொன்னா, கொடையோட நின்னா டிரைவர் எவனோ ஆடு மேய்க்க வந்தவன்னு நெனைப்பான்னு சிரிப்பாரு."

அவன் கொஞ்சம் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்ககிட்ட சொல்லிடலாம்னு நெட்டையன் சொன்னான். மேஸ்திரிதான் வேணாம்னாரு. பாப்பா கையெழுத்துப் போட்டிருக்கு, அதுக்குக் கெட்ட பேரு வந்துடும்னு. அடுத்த குளிருக்கு மிஷின் வந்துடும், சத்தமில்லாம மறுபடி போட்டுரலாம்னாரு."

அவளுக்கு ஃபோன் ஞாபகம் வந்தது. ஆறேழு வாரம் முன்பு அம்மா பேசியது. 'உங்கப்பா தினம் மத்தியானம் லைனுக்குப் போறாருடி. நான் சொன்னா கேக்கல, நீயாவது சொல்லு.' அவள் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். 'பழக்க தோஷம்மா, விடு. வீட்ல இருந்தா உன்னைத்தான் நச்சரிப்பாரு,' என்று சொல்லிச் சிரித்திருந்தாள். அன்றைய கூட்டம் கடும் வெயிலைத் தாங்கும் பாதைகள் பற்றியது.

"இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்டாள்.

"பதினொரு மணிக்கே அறுபத்தி ஒண்ணு."

"நிஜமா எவ்வளவுல பூட்டினீங்க?"

அவன் வேப்பமரத்தைப் பார்த்தான். "முப்பத்தொண்ணு. ஒரு நாள் முப்பது."

முப்பது டிகிரி வித்தியாசம். மத்தியானம் அது இன்னும் ஏறும். அவள் மரத்தடியிலேயே ஃபோனை எடுத்தாள். இந்த முறை பத்து எண்ணும் போனது.

"கன்ட்ரோல்."

அவள் பதவியைச் சொன்னாள். பதினேழிலிருந்து பத்தொன்பது வரை, இரண்டு தடமும், உடனே வேகத்தைக் குறைக்கவேண்டும் என்றாள். முப்பதுக்கு மேல் கூடாது.

"என்ன காரணம் போடட்டும் மேடம்? முன்னெச்சரிக்கைன்னு போட்டுரவா? அப்படின்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

அந்த யோசனை அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. முன்னெச்சரிக்கை என்று போட்டால் வெயில் இறங்கியதும் எடுத்துவிடுவார்கள். மறுநாள் மேலதிகாரி, நம்ம லைனுக்கு எதுக்கு முன்னெச்சரிக்கை என்று சிரிப்பார். ஏழு பேர் மறுபடி கோணியை நனைப்பார்கள்.

"வேணாம். பதிவேடு பொய்னு போடுங்க. முப்பத்தொண்ணுல பூட்டினதை நாப்பத்தாறுன்னு எழுதியிருக்கு. மறுபடி பூட்டுறவரைக்கும் இதை எடுக்கக்கூடாது."

மறுமுனையில் பேனா நின்றது கேட்டது.

"எழுதினது யாரு மேடம்?"

சித்தப்பா வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா," என்றாள். "சரிபார்த்தது நான். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். அதையும் எழுதிக்குங்க."

"மேடம்… இன்னிக்கு உங்க வீட்லதானே…"

"ஆமா. நாலு மணிக்கு எடுக்கறோம். எக்ஸ்பிரஸுக்கு இப்பவே சொல்லுங்க."

வைத்தாள். அம்மா பிஸ்கட் தட்டோடு பின்னால் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. இரண்டு பிஸ்கட்டை எடுத்து ஒல்லியின் மடியில் வைத்தாள்.

"காலைல நாலு மணிக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்தவ நான்," என்றாள் அம்மா. "எட்டு நாளும். எதுக்கு இந்நேரத்துலன்னு கேட்டேன். வெயிலுக்கு முன்னாடி முடிச்சாத்தான் பசங்க பொழைப்பாங்கன்னாரு." முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். "இந்த ஃபோனை நேத்து ராத்திரியே பண்ணியிருந்தா, அவரு கேட்டுட்டுப் போயிருப்பாரு."

அம்மாவின் குரலில் கோபமில்லை. ரேஷனில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குத் தட்டைக் கொண்டுபோனாள்.

நாலு மணிக்கு அமரர் ஊர்தி வந்தது. குளிர்ப்பெட்டியோடே ஏற்றினார்கள். ரயில்வே கேட் வரை ஐந்து நிமிஷம். கேட் மூடியிருந்தது.

இரண்டு ஐந்து எக்ஸ்பிரஸ் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. மேலிடம் முடிவெடுக்கும்வரை பின்னால் எங்கோ இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு உத்தரவு கொடுத்து, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். ரயிலின் தலை கேட்டைத் தாண்டியும் வேகம் எடுக்க முடியாது. வால் இன்னும் பத்தொன்பதுக்குள் இருந்தது. இருபத்து நாலு பெட்டியும் ஒவ்வொன்றாக, சைக்கிள் வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, ஊர்ந்து போயின. ஜன்னலில் இருந்தவர்களுக்கு வண்டியை, கண்ணாடிப் பெட்டியை, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளை நிதானமாகப் பார்க்க நேரம் கிடைத்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"இன்னிக்குன்னு பார்த்து இது உருள்ற அழகைப் பாரு," என்றார் சித்தப்பா. "எவன் வேலையோ."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்தாள்.

கடைசிப் பெட்டி போனதும் அதன் பின்னாலேயே பத்தொன்பதாவது கல்லருகே வந்து கூடியிருந்த ஏழு பேரும் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து வந்தார்கள். முகங்கள் அப்பாவின் முகத்தைப்போலவே உரிந்திருந்தன. தோளில் காய்ந்த கோணி. சித்தப்பா எதையோ சொல்ல வாயெடுத்து, அவர்கள் கிட்ட வந்ததும் மூடிக்கொண்டார். நெட்டையன் குனிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். மேஸ்திரியை வெகுநேரம் பார்த்தான். அவளிடம் ஒரு காக்கிப் பையை நீட்டினான். அப்பாவின் டூல் பை.

"ஸ்லோ போட்டுட்டாங்க," என்றான். "முப்பது." யார் போட்டது என்று கேட்கவில்லை.

"ம்."

"இதை வெச்சுக்குங்க. அவரு கடிகாரம்."

அவர்கள் அதைக் கடிகாரம் என்றுதான் சொல்வார்கள். தண்டவாளத்தில் காந்தத்தால் ஒட்டவைக்கும் வெப்பமானி. வட்ட முகம், ஒற்றை முள். அதை அப்போதுதான் பிடுங்கியிருந்தான். அவள் உள்ளங்கை சுட்டது. கீழே வைக்கத் தோன்றியது. வைக்கவில்லை. முள் அறுபத்து நாலில் நின்றது.

கேட் திறந்தது. வண்டி தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியது, பெட்டிக்குள் அப்பாவின் தலை லேசாக ஆடி நின்றது. ஏழு பேரும் ஒல்லியும் பின்னால் நடந்து வந்தார்கள். வண்டிக்குள் குளிர் இருந்தது. அவள் முழங்காலில் அந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தபடி வந்தாள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்து மூன்று. வளைவு திரும்பும்போது நாற்பத்தெட்டு.

முள் நாற்பத்தாறில் நிற்கவில்லை. அதைத் தாண்டி இறங்கிக்கொண்டேயிருந்தது.